ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும் இன்ஜினில் கம்ப்ரஷன் சரியாக இருக்கிறதா?

கேள்வி: நான் கொல்லங்கோட்டுக்காரன். வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். கொச்சி மரினாவில் 30 அடிப் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உள்ளே இருப்பது இரண்டு சிலிண்டர் யான்மார் 2ஜிஎம்20எஃப் டீசல் இன்ஜின். மீட்டரில் 1,350 மணி நேரம் காட்டுகிறது. படகு இரண்டு மழைக்காலம் ஓடாமல் கிடந்ததாகச் சொல்கிறார்கள். நான் போனபோது செல்ஃபைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. முதல் இரண்டு நிமிடம் வெள்ளைப் புகை வந்தது. துறையில் கட்டிய நிலையிலேயே கியரைப் போட்டு முழு ஆக்சிலேட்டர் கொடுத்தபோது 2,700 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. என் மாமா விசைப்படகில் 30 ஆண்டு டிரைவராக இருந்தவர். "ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிறதே, கம்ப்ரஷன் நன்றாகத்தான் இருக்கிறது, வாங்கு" என்கிறார். விற்பவரின் ஆள், சுற்று ஏறாததற்குக் காரணம் அடியில் பிடித்திருக்கும் பாசிதான் என்கிறார். இன்ஜினைப் பிரிக்காமல் உண்மையை அறிய வழி உண்டா? முன்பணம் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முன்பணம் இப்போது கொடுக்க வேண்டாம். படகை வேண்டாமென்று ஒதுக்கவும் வேண்டாம். நீங்கள் எழுதிய மூன்று அறிகுறிகளில் சுற்று ஏறாதது கம்ப்ரஷனைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. உடனே ஸ்டார்ட் ஆனது, நீங்களும் உங்கள் மாமாவும் நினைப்பதைவிடக் குறைவாகவே சொல்கிறது. நான் கவலைப்படுவது அந்த இரண்டு நிமிட வெள்ளைப் புகையைப் பற்றித்தான். விற்பவர் அனுமதித்தால் ஒரே நாளில், சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டைக் கழற்றாமலேயே, இதற்கு விடை காணலாம்.

முதலில் அந்த உடனடி ஸ்டார்ட்டைப் பார்ப்போம். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது ஒடுங்கும் காற்றில் பிறக்கும் சூடுதான் டீசலைப் பற்றவைக்கிறது. உங்கள் இன்ஜின் வரிசையில் 23 பங்கு இடத்தில் இருந்த காற்று 1 பங்கு இடத்துக்குள் ஒடுங்குகிறது. ஸ்டார்ட்டுக்குத் துணையாகச் சூடேற்றும் க்ளோ பிளக்கும் இதில் இல்லை என்பதால், காற்று கசியாமல் ஒடுங்குவது ஒன்றே இதற்கு ஆதாரம். குளிர்நாட்டுத் துறையில் 5 டிகிரிக் காற்றை இழுக்கும் இன்ஜினுக்கும் கொச்சியில் 30 டிகிரிக் காற்றை இழுக்கும் இன்ஜினுக்கும் தொடக்கத்தில் 25 டிகிரிதான் வித்தியாசம். ஆனால் காற்று ஒடுங்கி முடியும்போது அதுவே ஏறக்குறைய 60, 70 டிகிரியாகப் பெருகிவிடுகிறது. குளிர்நாட்டில் பத்து முறை செல்ஃப் அடித்தும் எழாத இன்ஜின் நம் ஊரில் தொட்டதும் எழுந்துவிடுவது இதனால்தான். பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங் தேய்ந்திருப்பதையும், காற்றும் புகையும் போய்வரும் வால்வு கசிவதையும் நம் வெயில் மூடி மறைத்துவிடுகிறது. ஐரோப்பியக் கையேடுகளில் "குளிர்ந்த நிலையில் எளிதாக ஸ்டார்ட் ஆனால் கம்ப்ரஷன் நலம்" என்ற பொருளில் வரும் அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இதை நான் ஏட்டிலிருந்து சொல்லவில்லை. என் பட்டறை கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப்பக்கம் இருந்தாலும் வேலையில் பாதி அந்தப்பக்கத்துக் காயல்களில்தான். சில ஆண்டுகளுக்கு முன் அஷ்டமுடிக் காயலில் நின்ற ஒரு பாய்மரப் படகைப் பார்க்க ஒருவர் என்னை அழைத்துப்போனார். சித்திரை மாத நண்பகல்; இன்ஜின் அறைக்குள் கை வைக்க முடியாத வெக்கை. தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, வாங்கலாம் என்று சொன்னேன். இடவப்பாதி மழை இறங்கி இரண்டு வாரத்தில், விடியற்காலையில் ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கிறது என்று போன் வந்தது. ஹெட்டைக் கழற்றியபோது எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தில் மிளகளவு குழிகள். வால்வு உட்காரும் சீட்டிலும் அதே குழிகள். அந்த சிலிண்டரின் பிஸ்டனில் மேல் ரிங் தன் பள்ளத்திலேயே கரியாலும் துருவாலும் பிடித்துப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, மூங்கில் சிம்பால் நெம்பித்தான் அதை எடுத்தேன். படகு கிடந்த காலத்தில் எக்ஸாஸ்ட் வழியாகக் கடல்நீர் ஈரம் ஏறியிருக்கிறது. அன்று காலை ஏழு மணிக்கே போய், கையால் இன்ஜினைச் சுற்றிப் பார்த்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்கும். அவருக்கு நான் ஏற்படுத்திய செலவு இன்றும் என் மனத்தில் இருக்கிறது. கீழே எழுதும் ஒவ்வொன்றையும் நான் வலியுறுத்துவதற்கு அதுவே காரணம்.

உங்கள் மாமாவின் காதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. படகைப் பார்க்கப் போகும்போது அவரைக் கட்டாயம் அழைத்துப்போங்கள். ஆனால் அவர் பழகிய இன்ஜின் வேறு வாழ்க்கை வாழ்ந்தது. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகு கரையை விட்டால் நாள் கணக்கில் லோடில் ஓடுகிறது. லோடில் ஓடும்போது எரிந்த வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதை சிலிண்டர் சுவரோடு அழுத்திப் பிடிப்பதால் ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று இழைந்து கொள்கின்றன. அந்த இன்ஜினுக்கு முதுமை உழைப்பால் வருகிறது. பாய்மரப் படகின் இன்ஜினோ துறையை விட்டு வெளியேறக் கால் மணி நேரம் ஓடும்; பாய் விரித்ததும் நிறுத்திவிடுவார்கள். நங்கூரமிட்ட பிறகு, பேட்டரி ஏற்றுவதற்காக லோடே இல்லாமல் மெதுவாக மணிக்கணக்கில் ஓடவிடுவார்கள். அப்படி ஓடும்போது சுவரிலுள்ள நுண்ணிய கோடுகளில் பாதி எரிந்த டீசலும் ஆயிலும் படிந்து, சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிடும். ஆயில் நிற்க இடமில்லாமல் ரிங் காற்றை விடத் தொடங்கும். ஆகவே 1,350 மணி என்ற எண் உங்களை மகிழ்விக்கவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். நல்லபடியாக லோடில் ஓடியிருந்தால் இந்த இன்ஜினுக்கு அது இளம் வயதுதான். இரண்டு மழைக்காலம் ஓடாமல் கிடந்தது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இனி அந்த ஒரு நாள். விடியற்காலையிலேயே படகில் இருங்கள். அதற்கு முன் இன்ஜினை யாரும் ஓட்டக் கூடாது என்று விற்பவரிடம் முந்தின நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக ஹெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடு இருந்தாலும் அன்றைக்கு ஸ்டார்ட் சோதனை செல்லாது. இன்ஜின் அறையிலோ அருகிலுள்ள பெட்டியிலோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரே டப்பா கிடக்கிறதா, ஏர் ஃபில்டரில் அந்தக் காரமான வாடை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், இந்த இன்ஜின் தன் கம்ப்ரஷனால் மட்டும் எழுவதில்லை என்று கொள்ளலாம். அதைவிட மோசம், அந்த ஸ்பிரே பிஸ்டனிலேயே ரிங்கை உடைத்துவிடக் கூடியது.

டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருப்பது குற்றமல்ல; டீசல் இன்ஜின் ஆயில் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். பாலும் தேயிலையும் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். பளிச்சென்று தேன் நிறத்தில் இருந்தால் அண்மையில்தான் மாற்றியிருக்கிறார்கள். ஏன் இப்போது மாற்றினார்கள், பழைய ஆயில் எங்கே என்று கேளுங்கள். பழைய ஆயில் கொஞ்சம் கிடைத்தாலும் அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். அதில் இரும்பும் குரோமியமும் கூடுதலாக இருந்தால் சிலிண்டர் சுவரும் ரிங்கும் தேய்கின்றன; சோடியம் கூடுதலாக இருந்தால் கடல்நீர் புகுந்திருக்கக் கூடும்.

அடுத்தது, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கையால் சுற்றிப் பார்ப்பது. செலவில்லாத இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை; நான் மிகவும் நம்புவது இதைத்தான். இன்ஜினை நிறுத்தும் கம்பியை இழுத்து டீசல் போகாதபடி செய்துவிட்டு, பேட்டரி சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். வால்வைச் சற்றுத் திறந்து வைத்து அழுத்தம் சேராமல் செய்யும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிய நிலையில், முன்பக்கக் கப்பியின் நடு நட்டில் சரியான அளவு ஸ்பேனரைப் போட்டு, இன்ஜின் ஓடும் திசையில் மட்டும் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் கடல்நீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லர் இதழ்கள் மடங்கி முறியலாம். இந்த இரண்டு சுற்றிலும் கை எங்கும் தட்டாமல், உரசாமல், ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் கரகரவென்று பிடித்தால் சிலிண்டர் சுவரில் துரு இருக்கிறது.

பிறகு லீவரை இறக்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். நல்ல சிலிண்டர் அழுத்தத்துக்கு வரும்போது கைக்குத் தெரியும்: முதலில் இலேசாக இருக்கும், பிறகு வில்லை வளைப்பதுபோல் கனத்துக்கொண்டே வரும், உச்சத்துக்குச் சற்று முன் கையை எதிர்த்துத் தள்ளும். அந்த இடத்தில் ஸ்பேனரை அப்படியே பிடித்து நிறுத்துங்கள். நல்ல சிலிண்டரில் அந்த எதிர்ப்பு பல வினாடிகள் நின்று மெல்ல மெல்லத்தான் தளரும். கெட்ட சிலிண்டரில் "புஸ்" என்று உடனே விட்டுவிடும். இரண்டு சிலிண்டரும் ஒரே அளவு எதிர்க்கின்றனவா என்பதே முக்கியம். இந்த இன்ஜினில் இரண்டு அழுத்தங்களும் சம இடைவெளியில் வரமாட்டா; ஒன்று வந்து அரைச் சுற்றிலேயே அடுத்தது வரும், பிறகு ஒன்றரைச் சுற்று வெறுமையாகப் போகும். அதைக் குறையென்று எண்ணிவிடாதீர்கள். இதன் அமைப்பே அப்படித்தான்.

நீங்கள் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போது மாமா காது கொடுத்துக் கேட்கட்டும். காற்று எங்கே போகிறதோ அங்கேதான் நோய் இருக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றிய வாயில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் அங்கே மூச்சு விடுவதுபோல் கேட்டால் ரிங். உங்கள் இன்ஜினின் பெயரில் உள்ள 'எஃப்' என்ற எழுத்து, நன்னீரைச் சுற்றவைத்துக் குளிர்விக்கும் வகை என்பதைக் குறிக்கிறது. அந்த நன்னீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும்போது குமிழி கிளம்பினால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட், அல்லது ஹெட்டிலேயே வெடிப்பு. சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டரின் அடியில் சோப்புத் தண்ணீர் தடவி, அங்கே நுரை கிளம்புகிறதா என்றும் பாருங்கள். செம்பு வாஷர் சரியாக உட்காராமல் அழுத்தம் போய்க்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் ஸ்டார்ட். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து, செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் 10-க்குக் கீழே விழுகிறதா என்று பாருங்கள். பேட்டரி சோர்ந்திருந்தாலோ கேபிள் முனையில் பச்சைப் பூப்புப் படிந்திருந்தாலோ இன்ஜின் மெதுவாகச் சுற்றும். ஒடுங்கும் காற்று மெதுவாக ஒடுங்குவதால் சூடு சுவரில் இறங்கிவிடும். கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் இல்லாததுபோல் தோன்றும். ஸ்டார்ட் ஆகும் நேரத்தை உங்கள் போனில் ஒலியோடு பதிவு செய்யுங்கள். இரண்டு சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கின்றனவா, அல்லது ஒன்று முதலில் அடித்து மற்றது சில வினாடி கழித்துச் சேர்கிறதா என்பதை அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டால் தெரிந்துகொள்ளலாம். அன்றைய நேரத்தில் காதுக்குத் தெரியாதது பதிவில் தெரியும்.

வெள்ளைப் புகைக்கு வருகிறேன். பாய்மரப் படகின் எக்ஸாஸ்ட்டில் கடல்நீர் கலந்து வருவதால் நீராவியும் வெள்ளையாகத்தான் தெரியும். நீராவி என்றால் சற்றுத் தூரத்தில் கலைந்துவிடும். மூக்கில் எதுவும் உறைக்காது. எரியாத டீசல் என்றால் புகை தண்ணீர் மேல் தாழ்ந்து கிடக்கும், கண் எரியும், வெளியேறும் தண்ணீரைச் சுற்றி வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் பரவும். நீங்கள் பார்த்தது இரண்டாவது வகை என்றால், ஒரு சிலிண்டராவது குளிர்ந்த நிலையில் டீசலை முழுதாக எரிக்கவில்லை. இன்ஜெக்டர் சரியாகத் தூவாமல் ஒழுகினாலும் இதே புகை வரும்; கம்ப்ரஷன் குறைந்தாலும் வரும். கையால் சுற்றிய சோதனையில் இரண்டு சிலிண்டரும் சமமாக எதிர்த்திருந்தால் நான் முதலில் இன்ஜெக்டரைத்தான் சந்தேகிப்பேன். நீலப் புகை வந்து, ஓடிச் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை பெரும்பாலும் காற்றுத் தடையையோ மிகை லோடையோ குறிக்கும். அது கம்ப்ரஷன் சமாசாரமன்று.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் கவிழ்த்து வையுங்கள். இலேசாக ஆடினால் பாதகமில்லை; துள்ளி விழுந்தாலோ, அந்த வாயிலிருந்து தாளத்தோடு புகை வந்தாலோ எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே போகிறது.

எந்தச் சிலிண்டர் சோம்பேறி என்று அறிய மற்றொரு வழி உண்டு. இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஒவ்வோர் இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, உடனே இறுக்க வேண்டும். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் தள்ளாடும். சோம்பேறிச் சிலிண்டரைத் தளர்த்தினால் ஓட்டத்தில் மாற்றமே இருக்காது. ஆனால் இதை நீங்களே செய்ய வேண்டாம். இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே இழக்க நேரிடும். கண்ணாடி அணிந்து, நட்டைத் தடித்த துணியால் மூடிக்கொண்டு, பழகிய மெக்கானிக்தான் செய்ய வேண்டும்.

இனி 2,700 சுற்று. துறையில் கட்டிய படகில் கியரைப் போட்டு முடுக்கினால் புரொப்பெல்லர் முன்னே நகராத தண்ணீரைத் தள்ள வேண்டியிருக்கும். நலமான இன்ஜின்கூட அந்த நிலையில் முழுச் சுற்றுக்கு ஏறாது. இதோடு, காயலில் இரண்டு மழைக்காலம் நின்ற படகின் புரொப்பெல்லரில் கொட்டலசு அடை அடையாக ஒட்டியிருக்கும். ஆகவே விற்பவரின் ஆள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சோதித்துத்தான் ஏற்க வேண்டும். முக்குளிப்பவர் ஒருவரை வைத்துப் புரொப்பெல்லரையும் அடியையும் சுரண்டச் சொல்லுங்கள். பிறகு கட்டை அவிழ்த்துக் காயலில் ஓட்டும்போது முழு ஆக்சிலேட்டரில் 3,600-ஐ நெருங்க வேண்டும். நெருங்காவிட்டால் நியூட்ரலில் அந்தச் சுற்றுக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் குறை லோடு தாங்காததில்தான் இருக்கிறது.

அப்போதும் கம்ப்ரஷன் மேல் பழி போடுவதற்கு முன், எக்ஸாஸ்ட்டும் கடல்நீரும் கலக்கும் வளைகுழாயான எல்போவைக் கழற்றிப் பாருங்கள். யான்மார் சிறிய இன்ஜின்களில் கரியும் உப்பும் சேர்ந்து கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும் இடம் இது. ஒரு படகில், கட்டைவிரல் தாராளமாக நுழைய வேண்டிய துவாரத்தில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. சுத்தியலால் தட்டியபோது அடுப்புக்கரிபோல் உதிர்ந்தது. அந்த இன்ஜினை "கம்ப்ரஷன் போய்விட்டது" என்று சொல்லிப் பாதி விலைக்குக் கொடுக்க இருந்தார்கள். எல்போவை மாற்றியதும் தன் முழுச் சுற்றுக்கு ஏறியது.

இதுபோலவே, கம்ப்ரஷன் போய்விட்டதாக வேடம் போடும் மற்ற இரண்டு சிறிய குறைகள் உண்டு. டீகம்ப்ரஷன் லீவர் முழுதாகத் திரும்பாமல் வால்வை மயிரிழை அளவு திறந்தே வைத்திருப்பது ஒன்று. டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளி, இல்லாமல் போவது மற்றொன்று. வால்வு சீட் தேயத் தேய டேப்பட் இறுகிக்கொண்டே வந்து, கடைசியில் வால்வு மூடவே மூடாது. இந்த இன்ஜினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.2 மி.மீ. இடைவெளி வேண்டும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜும் அரை மணி நேரமும் இருந்தால் போதும். கம்ப்ரஷனை கேஜ் வைத்து அளப்பதற்கு முன்னால் இதைச் சரிபார்க்காத மெக்கானிக்கின் எண்ணை நம்ப வேண்டாம்.

இத்தனையும் முடிந்த பின்பு சந்தேகம் நீடித்தால்தான் கம்ப்ரஷன் கேஜ். பெட்ரோல் வண்டிப் பட்டறையில் இருக்கும் கேஜ் இதற்குப் பயன்படாது. 70 கிலோ வரை காட்டும் டீசல் கேஜும், இன்ஜெக்டர் துளைக்குப் பொருந்தும் அடாப்டரும் வேண்டும். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். பேட்டரி முழுதாக ஏறியிருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் கழற்றியிருக்க வேண்டும். டீசல் அடைத்திருக்க வேண்டும். இவற்றோடு, பாய்மரப் படகுக்கே உரிய ஒரு விதியை மறந்தால் இன்ஜினை நீங்களே கெடுத்துவிடுவீர்கள். ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் சுற்றும்போதும் கடல்நீர்ப் பம்ப் வேலை செய்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீரை வெளியே ஊதித் தள்ள எக்ஸாஸ்ட் வாயு இல்லாததால், தண்ணீர் சைலன்சர் தொட்டியில் நிரம்பி, பின்னேறி, வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஆகவே கேஜ் சோதனைக்கு முன் கடல்நீர் வால்வை மூடுங்கள். மூடியிருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சாவியில் கட்டிவிடுங்கள். இன்ஜின் ஓடத் தொடங்கிய மறுகணம் திறந்துவிடுங்கள்.

எண்ணை எப்படிப் படிப்பது? இந்த அளவுள்ள டீசல் இன்ஜின்களில் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோவுக்கு மேல், 30-ஐ ஒட்டி இருந்தால் மகிழ்ச்சி. 20-ஐ ஒட்டி இறங்கினால் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். ஆனால் நான் தனி எண்ணைவிட வித்தியாசத்தைத்தான் பார்ப்பேன். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இரண்டுமே ஒரே அளவு சற்றுக் குறைந்திருந்தால் சீரான தேய்மானம். பல ஆண்டு ஓடும். ஒன்று 29, மற்றொன்று 21 என்றால் அந்த 21-இல் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, பிடித்திருக்கிறது அல்லது எரிந்திருக்கிறது.

குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று தீர்ப்புச் சொல்லும் பெட்ரோல் இன்ஜின் வழக்கத்தை இங்கே அனுமதிக்காதீர்கள். டீசலில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் மிகமிகச் சிறியது. ஆயில் அந்த இடத்தை அடைத்துக்கொள்வதாலேயே எண் ஏறிவிடும், எதையும் நிரூபிக்காது. அளவு மிஞ்சினால் ஒடுங்காத ஆயிலில் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதற்குப் பதில், பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி இன்ஜெக்டர் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திக் கசிவைக் கேட்பதே சரியான முறை. கையால் சுற்றியபோது மாமா கேட்ட அதே இடங்களில் இப்போது சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

விலை பேசும் இடத்தில் இதை நினைவில் வையுங்கள். எல்போ, இன்ஜெக்டர், டேப்பட், பேட்டரி ஆகியவற்றில் குறை என்றால் பழுதுச் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். வால்வும் ஹெட் கேஸ்கெட்டும் என்றால் ஹெட்டை மட்டும் பட்டறைக்குக் கொண்டுவந்து சரிசெய்யலாம்; அதுவும் கட்டுப்படியாகும். ரிங் என்று தெரிந்தால் இன்ஜினையே படகிலிருந்து தூக்க வேண்டும். இன்ஜினை முழுதாகப் பிரிக்கும் செலவையும், அதற்குள் துருவோ வெடிப்போ காத்திருக்கும் என்பதையும் வைத்துத்தான் விலை சொல்ல வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மிகக் குறைந்திருந்து, அதோடு சைலன்சர் பக்கம் கடல்நீர் ஏறியதற்கான அடையாளமும் இருந்தால் நானாக இருந்தால் வாங்கமாட்டேன். தண்ணீர் பின்னேறாமல் காக்கும் வளைவு வால்வு உப்பால் அடைத்திருப்பதும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றினால் உள்ளே வெள்ளை உப்புப் பொருக்கு இருப்பதும் அந்த அடையாளங்கள்.

இன்ஜெக்டரைக் கழற்றும் முன் விற்பவரோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் கிடந்த இன்ஜெக்டர் ஹெட்டோடு பிடித்திருக்கும். இழுக்கும்போது உடைந்தால் யார் செலவு என்பதை முன்பே பேசவில்லையானால் அன்றைய நாள் சண்டையில் முடியும். எந்த மெக்கானிக், என்னென்ன கழற்றுவார், புதிய செம்பு வாஷர்களை யார் கொண்டுவருவார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு மூடினால், நல்ல இன்ஜினிலும் நாளைக்கே கம்ப்ரஷன் கசியும்.

எல்லாச் சோதனையும் முடிந்து, காயலில் முக்கால் மணி நேரம் முழு லோடில் ஓட்டித் திரும்பிய பின், இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு டிப்ஸ்டிக்கையும் நன்னீர்த் தொட்டியையும் மறுபடி பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்தாலோ தொட்டி நீர் குறைந்திருந்தாலோ அதையும், ஸ்டார்ட் ஒலிப்பதிவையும், இரண்டு சிலிண்டரின் எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். நான் பார்த்துப் பதில் எழுதும் வரை முன்பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.